கையில் வாங்கிய வில்லுக்கத்தி

என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவர்களே, நீங்கள் இப்போது கனடாவில் பனி தள்ளிக்கொண்டு இருப்பீர்கள், அல்லது கொழும்பில் பிள்ளைகளின் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். நான் இங்கேதான் இருக்கிறேன். போன கிழமை திருகோணமலைக் கடைத்தெருவில் ஒரு வில்லுக்கத்தி தேடி ஒரு காலைப்பொழுதையே செலவழித்தேன் என்று சொன்னால், இவளுக்கு வயது போகப் போக மூளை கழன்றுவிட்டது என்பீர்கள். சொல்லுங்கள். தம்பியின் மகளுக்குப் பத்து வயது முடிகிறது. விடுமுறைக்கு வருகிறாள். வரும்போது என்ன வாங்கி வைக்க என்று போனில் கேட்டேன். மடிக்கிற மாதிரி ஒரு சின்னக் கத்தி வேண்டுமாம். எதற்கு என்றேன். சும்மா வைத்திருக்க என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்துக்கொண்டது. அவள் வயதில் நானும் அதற்காகத்தான் கேட்டேன்.

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியின்மேல் ஒரு குவியல் போட்டுக் காட்டினார். ஒன்றில் டோர்ச் இருந்தது. இன்னொன்றில் போத்தல் திறக்கிற கொக்கி, கத்தரிக்கோல், பல் குத்துகிற குச்சி எல்லாம் இருந்தன. கத்தி மட்டும் பேருக்கு இருந்தது. மீன் போட்டது இல்லையா என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும். தகரப் பிடி, மீன் வடிவம், இரண்டு பக்கமும் அமுக்கி எடுத்த செதில். ஆணிதான் மீனின் கண். அலகில் உள்ள பள்ளத்தில் நகத்தை விட்டு இழுத்தால் வாய்க்குள் இருந்து வருவதுபோல் வரும். வைத்திருந்த கையில் அன்று முழுக்கத் தகர மணம் இருக்கும். நம் வகுப்புப் பொடியன்கள் பாதிப் பேரிடம் அது இருந்தது. பெட்டைகளில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதுவும் ஒரு பருவம் முடிவதற்குள் போய்விட்டது.

அந்தப் பருவம் மேற்கிலிருந்து சுடுகாற்று வீசுகிற கச்சான் காலம். எண்பதுகளின் நடுப்பகுதி. பள்ளிக்கூடம் திறந்திருந்த நாட்களைவிட மூடிக்கிடந்த நாட்கள் அதிகம் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவோம், கேற்றில் பூட்டுத் தொங்கும், திரும்பி வருவோம். எங்கள் வீடு ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் இருந்தது. முன்வாசலில் நின்றால் இரண்டு புளியமரங்களுக்கு நடுவில் உள்துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். தம்பி அப்போது ஏணையில் கிடக்கிற குழந்தை. அவனையும் பார்த்துக்கொண்டு, தெருவில் திரிகிற என்னையும் பார்க்க அம்மாவால் ஏலாமல் இருந்தது. டவுனில் ஒரு நாள் கடையடைப்பு, மறுநாள் இராணுவச் சுற்றிவளைப்பு. அப்பாதான் வழி சொன்னார். காலையில் தன்னோடு என்னைப் பயணிகள் படகான லோஞ்சில் கூட்டிப்போய், குடாவுக்கு அக்கரையில் மூதூரில் இருக்கிற தன் தங்கை, என் மாமி வீட்டில் விடுவது, பின்னேர லோஞ்சில் திருப்பிக் கூட்டி வருவது. டவுனைவிட மூதூர் அமைதி என்று அவர் நினைத்தார். அந்தக் காலத்தில் எல்லாரும் தாங்கள் இல்லாத இடம் அமைதி என்றுதான் நினைத்தார்கள்.

அப்பாவுக்கு அந்த லோஞ்சில் கயிறு போடுகிற வேலை. சுக்கான் பிடிக்கிறவர் மூதூர் முஸ்லிம், அண்ணன் என்ற அர்த்தத்தில் எல்லாரும் நானா என்று கூப்பிடுவோம். நானா படகு கட்டுகிற ஜெட்டியை நோக்கி லோஞ்சைச் சரித்துக்கொண்டு வரும்போது அப்பா முன்னால் நின்று வடத்தை வீசுவார். அது போய்க் கட்டையில் விழுந்தால் அப்பா திரும்பி என்னைப் பார்ப்பார். விழாவிட்டால் பார்க்க மாட்டார். லோஞ்சுக்குள் டீசல் மணமும் கருவாட்டு மணமும் சேர்ந்து அடிக்கும். சைக்கிள்கள், தயிர்ச்சட்டிகள், கால் கட்டிய ஆடு, சாக்கு மூட்டை, அவற்றுக்கு இடையில் மனிதர்கள். நான் எஞ்சின் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொள்வேன். அது சூடாக இருக்கும், நடுங்கும். மூதூர் வந்து இறங்கிய பிறகும் கொஞ்ச நேரத்துக்கு என் கால்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

கத்திக் கதையைத் தொடங்கியது அப்பாதான். கடலில் கால் வைக்கிற யாரிடமும் ஒரு கத்தி இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். குச்சவெளிப் பக்கம் வலை இழுத்த ஒருவரின் கணுக்காலில் கயிறு சுற்றிக்கொண்டு ஆளையே கடலுக்குள் எடுத்துவிட்டதாம். பக்கத்தில் இருந்தவரிடம் கத்தி இருந்ததால் மனிதர் பிழைத்தார். இந்தக் கதையை அப்பா சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அடிக்கடி சொல்வார். அவரிடம் ஒரு கப்பல்காரர் கொடுத்த கறுப்புப் பிடிக் கத்தி இருந்தது. சோதனைகள் தொடங்கிய பிறகு அதை வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை, லோஞ்சிலேயே நானாவின் பொறுப்பில் விட்டுவிடுவார். இப்போது பிள்ளையும் நாள் தவறாமல் லோஞ்சில் வருகிறாள், அவளுக்கும் ஒன்று வேண்டும் என்று ஒரு நாள் சொல்லிவிட்டார்.

அம்மா உடனே வேண்டாம் என்றார். பொம்பிளைப் பிள்ளைக்குக் கத்தி எதற்கு என்பது அல்ல அவருடைய பயம். ஜெட்டி வாசலில் மணல் மூட்டை அடுக்கி, துவக்கோடு நிற்கிறார்களே, அவர்கள் பையைக் கொட்டிப் பார்க்கும்போது கத்தி விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான். கேட்க நியாயமாக இருந்தது. கயிறு காலில் சுற்றுவதை அப்பா திரும்பவும் சொன்னார். ஒரு கிழமையாக வீட்டில் இதே கதைதான்.

இதற்குள் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். ஓர்ஸ் ஹில்லில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளார்க். அரசாங்கத்தின் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்பது தனக்குத் தெரியும் என்று அவர் நம்பினார், நாங்களும் நம்பினோம். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். கத்தி வைத்திருப்பது குற்றம் இல்லை. அலகின் நீளம் பிள்ளையின் நடுவிரலைத் தாண்டக் கூடாது. பச்சையும் கறுப்பும் கூடாது, அவை சண்டைக்காரரின் நிறம். பார்த்த உடனே விளையாட்டுச் சாமான் என்று தெரிய வேண்டும். இந்தச் சட்டம் எங்கே எழுதியிருக்கிறது என்று அப்பா கேட்டார். மாமா சிரித்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை நால்வருமாகக் கடைக்குப் போனோம், அம்மாவின் தோளில் தம்பி. கடைக்காரர் ஒரு தட்டை எடுத்து வைத்தார். சிவப்புப் பிடி போட்டு ஐந்தாறு அலகு உள்ள ஒன்றில் என் கண் போய் நின்றது. மாமா அதைத் தொடக்கூட விடவில்லை. இத்தனை அலகு எதற்கு என்று கேட்பான், என்ன சொல்வாய் என்றார். மரப்பிடி போட்ட உறுதியான கத்தி ஒன்றை அப்பா எடுத்தார். மாமா என் கையை விரித்து அலகை நடுவிரலோடு வைத்துப் பார்த்தார். நகத்தளவு நீண்டிருந்தது. அது கழிந்தது. அம்மாவுக்கு நுனி கூராக இருந்தால் பிடிக்கவில்லை. எல்லாருடைய சட்டத்துக்கும் பொருந்தி வந்தது அந்த மீன் ஒன்றுதான். அப்பா சட்டைப் பைக்குள் இருந்து ஒரு துண்டுக் கயிறு எடுத்தார். சோதித்துப் பார்ப்பதற்காகவே வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். அறுத்தார், அறுத்தார், கயிற்றில் மயிர் எழும்பியதே தவிர அறவில்லை. கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா கயிற்றைத் திரும்பவும் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, சரி, இதையே எடுப்போம் என்றார். கயிறு அறுப்பதற்காகத் தொடங்கிய கதை, கயிறு அறுக்காத கத்தியில் வந்து முடிந்தது. பெரியவர்கள் மூன்று பேருக்கும் அது வெற்றி மாதிரித்தான் இருந்தது.

கடைக்காரர் கத்தியைத் துடைத்துக் கண்ணாடியின் மேல் வைத்தார். அப்பா கண்ணாடியில் இருந்து எடுத்தார். வீட்டுக்கு வந்து பாயில் வைத்தார். நான் பாயில் இருந்து எடுத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நம் வீடுகளில் கத்தியை யாரும் யாருடைய கையிலும் கொடுப்பதில்லை. கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் சண்டை வரும். கத்தி மட்டுமா? உப்பு, மிளகாய், சுண்ணாம்பு எல்லாம் அப்படித்தான். எங்கள் ஒழுங்கையில் இரண்டு சகோதரிகள் வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருந்துகொண்டு வருடக்கணக்காய்க் கதைக்காமல் இருந்தார்கள். காணி எல்லைத் தகராறு என்று ஊர் சொன்னது. ஒருத்தி மற்றவளுக்கு அரிவாளைக் கையில் கொடுத்ததுதான் காரணம் என்று அம்மா சொன்னார். இதில் அம்மா மிகவும் கண்டிப்பு. நான் மறந்துபோய்க் கத்தியை நீட்டினால் அவர் கை நீட்டவே மாட்டார். நான் கீழே வைக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் எனக்கு அது மூச்சு விடுவதுபோல் பழகிவிட்டிருந்தது.

அன்று பின்னேரமே மாமா எனக்குப் பாடம் எடுத்தார். கத்தியை ஒளிக்கக் கூடாது. அவர்கள் தேடுவதற்கு முன்னாலேயே எடுத்துக் காட்ட வேண்டும். கேட்டால் கொடுத்துவிட வேண்டும், அழக் கூடாது. மாமா குடையைத் துவக்காகத் தோளில் வைத்துக்கொண்டு ஹோலின் நடுவில் நின்றார். நான் பையோடு வாசலால் வந்தேன். அவர் சிங்களத்தில் "தென்ன" என்றார், தா என்று அர்த்தம். நான் கவுண் பையில் நூலால் கட்டியிருந்த கத்தியை அவிழ்த்து, குனிந்து, அவருடைய காலடியில் வைத்துவிட்டு, அவர் எடுக்கட்டும் என்று பின்னால் நகர்ந்து நின்றேன். மாமா குனிந்து எடுத்தார். அச்சா பிள்ளை என்றார். திரும்பத் திரும்பச் செய்துபார்த்தோம். ஒவ்வொரு முறையும் நான் நிலத்தில் வைத்தேன், ஒவ்வொரு முறையும் அவர் நிலத்தில் இருந்து எடுத்தார். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அப்பாவும் இருந்தார். நான்கு பேரில் ஒருவருக்கும் எதுவும் படவில்லை. குடை பிடித்திருந்த ஆமியும் எங்களவர்தானே.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஜெட்டி வாசலில் வயதான ஒரு சிப்பாய் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். நான் மீனை எடுத்து மேசையில் வைப்பேன். அவர் எடுத்துத் திறந்து, மடித்து, மேசையில் தள்ளிவிடுவார். நான் எடுத்துக்கொண்டு போவேன். கொஞ்ச நாளில் மேசையில் வைக்கவும் தேவைப்படவில்லை, தூரத்திலேயே போ என்று கையைக் காட்டிவிடுவார். மாமா தன் சட்டம் சரிவந்ததை எண்ணி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார்.

கத்தியால் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மாமி வீட்டு முற்றத்து மாங்காயை உப்போடு சீவித் தின்றேன். பூவரசம் கம்பில் பட்டை உரித்தேன். என் பெயரின் முதலெழுத்தை லோஞ்சின் பின் பலகையில் வெட்டத் தொடங்கி நானாவிடம் ஏச்சு வாங்கினேன். மற்ற நேரமெல்லாம் சும்மா பைக்குள் கைவிட்டுச் செதிலைத் தடவிக்கொண்டிருப்பேன். அந்தச் செதில்களின் சொரசொரப்பு இப்போதும் என் பெருவிரலில் இருக்கிறது. சின்னப் பிள்ளைக்குத் தனக்கென்று ஒரு கூரான சாமான் இருப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று பெரியவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பிறகு அந்த நாள். அப்பா எப்போதும்போல் பாஸைக் காட்டிவிட்டு முன்னாலேயே லோஞ்சுக்குப் போய்விட்டார். நான் வரிசையில் நின்றேன். வேலிக்கு அந்தப்பக்கம் டவுனுக்குள் திரிகிற மான்களில் ஒன்று யாரோ எறிந்த கடதாசியைத் தின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு மேசை இல்லை. பழைய ஆளும் இல்லை. புதிதாக வந்த ஒரு இளம் சிப்பாய் வெயிலில் நின்று பை பார்த்துக்கொண்டிருந்தான். மீசை சரியாக முளைக்காத முகம், கழுத்தெல்லாம் வியர்வை. என் முறை வந்தது. மாமா சொன்னபடி அவன் கேட்க முன்னமே கத்தியை எடுத்துக் காட்டினேன். அவன் இடது கையை நீட்டி, "தென்ன" என்றான்.

நான் நூலை அவிழ்த்தேன். குனிந்து அவனுடைய சப்பாத்துக்கு முன்னால் சீமெந்தில் கத்தியை வைத்தேன். வைத்துவிட்டு, பழக்கியபடி, பின்னால் நகர்ந்து நின்றேன்.

அந்த வருடங்களில் ஒருவர் ஒரு சாமானைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, குண்டு என்றுதான். என் பின்னால் நின்றவர் சைக்கிளை விட்டுவிட்டு ஓடினார். சைக்கிள் விழுந்த சத்தத்தில் மற்றவர்களும் ஓடினார்கள். அந்தச் சிப்பாய் மணல் மூட்டைக்குப் பின்னால் பாய்ந்து துவக்கை என் பக்கம் திருப்பினான். கத்தியை அவன் பார்த்தானா, பார்க்கவில்லையா, எனக்குத் தெரியாது. என் கையில் இருந்து ஏதோ நிலத்துக்கு வந்ததைப் பார்த்தான். அப்பா லோஞ்சில் இருந்து என்னை நோக்கி ஓடிவந்தார். அந்த இடத்தில் ஓடக் கூடாது என்று தினமும் பயணிகளுக்குச் சொல்கிறவர் அவர்தான். இன்னும் இரண்டு பேர் குறுக்கே வந்து அவரை அடித்து முழங்காலில் விழுத்தினார்கள். கைகளைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள்.

நானா லோஞ்சின் மேல் நின்று இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு சிங்களத்தில் பேசினார். கத்தவில்லை, சந்தையில் விலை பேசுகிற குரலில் பேசினார். அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து அவர்களின் பெரியவன் ஒருவன் வந்தான். கத்தியை எட்ட நின்று பார்த்தான், பிறகு கிட்ட வந்து பார்த்தான். நானாவிடம் ஏதோ சொன்னான். நானா என்னைப் பார்த்து, "மகள், அத எடுத்து அவர்ட கையில குடுங்க" என்றார்.

எடுத்தேன். அவன் கையை நீட்டினான். என் முதுகு தானாகக் குனிந்தது. அப்பா முழங்காலில் இருந்தபடி, "கையில குடு பிள்ளை" என்றார்.

"ஏலாது அப்பா. சண்டை வரும்."

இதை நான் பிடிவாதத்தில் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். அம்மாவோடு சண்டை வந்தால் சோறு தின்னும்போது சரியாகிவிடும். துவக்கு வைத்திருக்கிறவனோடு வந்தால் என்ன செய்வது? வேறு யாருக்குக் கொடுத்தாலும் இவர்களுக்கு மட்டும் கையில் கொடுக்கவே கூடாது என்றுதான் எனக்குப் பட்டது. என் அப்பா வேறு அவர்களுடைய காலடியில் இருந்தார்.

பெரியவன் நானாவைப் பார்த்து, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டிருக்க வேண்டும். நானா என்ன பதில் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு பல தடவை கேட்டும் அவர் சொல்லவில்லை. அப்பா திரும்பவும், "கையில குடு" என்றார். அப்பாவின் குரல் அப்படி மெலிந்து நான் கேட்டதில்லை. நான் கொடுத்தேன். அந்த உள்ளங்கை ஈரமாக இருந்தது, எண்ணெய் மணத்தது. அவன் அலகைத் திறந்து பெருவிரலால் தடவிப் பார்த்தான். கயிறுகூட அறுக்காத கத்தி. மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். லோஞ்ச் அவர் இல்லாமல் போனது. டிக்கட் கிழிக்கிறவர் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டு, நடந்ததை அம்மாவுக்கு ஒன்றுவிடாமல் சொன்னார். நான் சொன்னதையும் சொன்னார். அம்மா அதுவரை அழுதுகொண்டிருந்தவர், அதைக் கேட்டதும் நிறுத்திவிட்டார். பின்னேரம் அப்பா நடந்து வந்தார். சாரம் இரண்டு முழங்காலிலும் இரத்தத்தோடு ஒட்டிப்போயிருந்தது. சுடுதண்ணீர் ஊற்றித்தான் துணியைப் பிரித்தார்கள். வலது முழங்கால் அவர் சாகும்வரை மழைக்கு முன்னால் வலித்தது. ஆனால் வந்துவிட்டார். அந்தப் பருவத்தில் அப்படிக் கொண்டுபோன எல்லாரும் பின்னேரம் வரவில்லை.

மாமா வந்திருந்து, கத்தியின் அளவு சரிதான் என்று சொன்னார். அதில் பிழை காண ஒருவராலும் முடியாது என்றார். அப்பா, அந்த மரப்பிடிக் கத்தியையே வாங்கியிருக்கலாம் என்றார். அவர்கள் இரண்டு பேரும் கத்தியைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். பலாக் கொட்டை வெட்டுகிற கத்தியின் அலகைத் தான் பிடித்துக்கொண்டு பிடியை என் பக்கம் நீட்டினார்.

"இந்தா, கையில வாங்கு."

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கீழே வையுங்கோ என்றேன். வைக்க மாட்டேன் என்றார். நீட்டிய கை நீட்டியபடி நின்றது. நான் வாங்கினேன். உடனே அவர் தன் கையை விரித்து, "இப்ப என்ர கையில தா" என்றார். கொடுத்தேன். திரும்பவும் தந்தார். திரும்பவும் வாங்கினார். அன்று காலை முழுக்க அதுதான் வேலை. வெங்காயம் வெட்ட ஒரு தரம், கீரைக்கு ஒரு தரம், எதையும் வெட்டாமலே பல தரம். கத்தி முடிந்து உப்பு, உப்பு முடிந்து மிளகாய். என் கையில் இருந்து தன் கைக்கு வாங்கிக்கொண்டே இருந்தார். முகம் ஏதோ கசப்பு மருந்து குடிக்கிறவர் மாதிரி இருந்தது. அப்பா நொண்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று பார்த்தார். பிறகு திரும்பிப் போனார். கொஞ்ச நாளில் என் முதுகு குனிகிறதை மறந்துவிட்டது. அதன்பிறகு எத்தனையோ சாவடிகளில் அடையாள அட்டை, பை, மருந்துப் போத்தல் என்று என்னென்னவோ கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் கையில்தான் கொடுத்தேன்.

அந்தப் பருவம் முடிவதற்குள் லோஞ்ச் ஓடாத நாட்கள் கூடின. குடாவுக்கு அப்பாலிருந்து பட்டப்பகலில் வெடிச்சத்தங்கள் கேட்கத் தொடங்கின. மாமி வீட்டார் மூதூரை விட்டு வெருகல் பக்கம் போனதாகச் செய்தி வந்தது. நான் இதற்கெல்லாம் காரணம் தெரிந்த ஒரே ஆளாகப் பயந்துகொண்டு திரிந்தேன். நான்தானே கையில் கொடுத்தேன். சொன்னபடி சண்டை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். உங்களுக்கும் அந்த வயதில் இப்படி ஏதாவது ஒரு கணக்கு இருந்திருக்கும். அது கணக்கே அல்ல என்று எனக்கு விளங்க நிறைய வருடம் எடுத்தது.

அம்மாவோடு நான் பிடித்த சண்டைகளை நீங்கள் அறிவீர்கள். சிலது உங்கள் முன்னாலேயே நடந்தது. படிக்கக் கொழும்புக்குப் போகிறேன் என்றபோது ஒன்று. நான் விரும்பினவரைக் கட்டுகிறேன் என்றபோது ஒன்று, அதில் இரண்டு தீபாவளி கதைக்காமல் இருந்தோம். இந்த வீட்டை விற்பதா வைத்திருப்பதா என்பதில் ஒன்று. ஆனாலும் ஒரு விஷயத்தில் அம்மாவைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு இருந்தது. பிள்ளைக்காக அந்த மூடநம்பிக்கையை ஒரே நாளில் தூக்கி எறிந்தவர் என்று என் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். நான் ரீச்சராக இருந்தேன் அல்லவா, எதற்கும் ஒரு பாடம் தேவைப்பட்டது.

அம்மாவின் கடைசி வருடத்தில் ஒரு காலை, கட்டில் பக்கத்தில் இருந்து அவருக்குப் பப்பாசிப்பழம் வெட்டிக்கொண்டிருந்தேன். தோல் இன்னும் இருக்கிறது, கத்தியைத் தா, நானே சீவுகிறேன் என்றார். அந்த நிலையிலும் என் வெட்டில் குறை. கத்தியைக் கையில் கொடுத்தேன், வாங்கினார். அப்போதுதான் கேட்டேன், அன்றைக்கு எப்படி அம்மா ஒரே நாளில் நம்பாமல் விட்டீர்கள் என்று. அம்மா பழத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆர் நம்பாமல் விட்டது? இண்டைக்கும் நம்புறன். உன்ர கையில இருக்கிற சண்டை முழுக்க நானே வாங்கி முடிச்சிட்டனெண்டா, பிறகு நீ அவங்களுக்குக் குடுக்கேக்க ஒண்டும் மிஞ்சியிராது எண்டுதான் வாங்கினனான்."

சொல்லிவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, பழம் இன்னும் பழுத்திருக்க வேண்டும் என்று குறை சொன்னார். கொழும்பு, கலியாணம், வீடு என்று நாங்கள் பிடித்த ஒவ்வொரு சண்டையிலும், இது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ஒரு தரம்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை.

கடைசியில் நான் வாங்கியது நீலப்பிடி போட்ட ஒன்று. டோர்ச் இல்லை, கொக்கி இல்லை, ஒரே ஒரு அலகு. கடையில் நின்று என்னை அறியாமலே அதை என் நடுவிரலோடு வைத்து அளந்தேன், கடைக்காரர் ஒருமாதிரிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து ஒரு துண்டுக் கயிற்றில் வைத்தேன், ஒரே இழுப்பில் அறுத்தது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் தம்பியின் மகள் வருகிறாள். மிகவும் சாந்தமான பிள்ளை, என்னோடு இதுவரை ஒரு சொல் எதிர்த்துக் கதைத்ததில்லை. கத்தியை அவளுடைய கையில்தான் கொடுக்கப்போகிறேன். கொடுத்துவிட்டு, திருப்பி என்ர கையில தா என்று கேட்பேன்.